சும்மா வந்த படகு

பிச்சாட்டூர்ப் பக்கம் ஆரணியாற்றின் குறுக்கே அணை எழுந்து முதல் தடவை தண்ணீர் நின்றபோது, கீழ்ப்பூடி ஊரில் பலருக்கு நஷ்ட ஈட்டுக் காகிதம் வந்தது. கோவர்த்தனனுக்கு வரவில்லை. அவனுடைய நிலம் முழுகவில்லை. நிலத்துக்குப் போகிற வழி மட்டும் முழுகிப்போயிற்று.

ஊருக்கும் அவன் நிலத்துக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் முழங்காலளவு ஓடும். மற்ற நாட்களில் வெறும் மணல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஒரு பீடி முடிவதற்குள் அக்கரையில் இருக்கலாம். அணை வந்த பிறகு ஏரித் தண்ணீர் அந்த ஓடை வழியாகப் பின்னோக்கி ஏறி, ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கால் மைல் அகலத்துக்கு அசையாமல் நின்றது. கரையில் நின்று பார்த்தால் எதிரே ஒன்றே முக்கால் ஏக்கரும் தெரியும். கிணறும், மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சரிவும் தெரியும். கொட்டகையில் கட்டிய மாடு தலையாட்டுவதுகூடத் தெரியும். போக வேண்டுமானால் அணைக்கரை மேல் சுற்றி ஆறு மைல். திரும்பி வர ஆறு மைல்.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தான்.

"நிலம் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"கீதுங்க."

"அப்புறம் என்ன நஷ்டம்?"

வழி போய்விட்டதே என்றான். எல்லைத் தகராறு முடியட்டும், இந்தக் கிராமங்கள் ஆந்திராவா மதராஸா என்று தெரிந்த பிறகு பாலத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் அவர். 1958-ஆம் வருஷம் அந்தப் பக்கத்து ஆபீஸ்களில் எந்தக் கேள்விக்கும் அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

கோவர்த்தனனுக்கு முப்பத்தெட்டு வயது. மனைவி செங்கம்மா, இரண்டு பெண்கள். ஊர்ப் பக்கம் அவனுக்கு இருந்தது அரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கல். அக்கரைக் கிணற்று நிலம்தான் வீட்டுக்குச் சோறு. அது கைவிட்டுப் போனால் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான். அதை வாங்கிக்கொள்ள ஆள் தயாராகவும் இருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் தாட்சாயணி, அக்கரை வேப்பகுண்டா ஊர். புருஷன் போன பிறகு பதினோரு ஏக்கரையும் தானே நின்று பார்த்துக்கொள்கிறவர். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வரப்பில் உட்கார்ந்து நிதானமாகவே கேட்டார்.

"தெனம் பன்னெண்டு மைலு நடந்துக்கினு எத்தினி நாளு வெவசாயம் பண்ணுவ தம்பி? நல்ல வெலையே தரேன். யோசிச்சிச் சொல்லு. அவசரம் இல்ல."

அந்த நேரத்தில்தான் படகு வந்தது.

அணை வேலை முடிந்து காண்டிராக்டர் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைகளைப் பிரித்தாயிற்று, தகரங்களை லாரியில் ஏற்றியாயிற்று. அணைக்கரை ஓரமாகக் கவிழ்த்துப் போட்டபடி ஒரு படகு மட்டும் கிடந்தது. தட்டையான அடி, பதினெட்டு அடி நீளம். கல்லும் ஆளும் ஏற்றிப் போய்வந்து தேய்ந்தது. கோவர்த்தனன் அதைச் சுற்றிச் சுற்றி வருவதை மேஸ்திரி பார்த்தார்.

"காவாலா?" வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார்.

"எந்த?" எவ்வளவு என்று இவன் கேட்டான்.

"ஊரக்க தீஸ்கோவய்யா." சும்மா எடுத்துக்கொண்டு போ.

'பழைய மரச் சாமான், உருப்படி ஒன்று' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோவர்த்தனன் ஊருக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான். வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னான். டீக்கடையில் சொன்னான். மாவு மெஷினில் சொன்னான். ஒரு காசு இல்லை, சும்மா, என்று சொன்னான். அவன் செய்த தவறுகளில் முதலாவதும் பெரியதும் அதுதான். ஆனால் அதன் பலன் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. நடுவில் வேறு தவறுகள் வரிசையில் நின்றன.

படகைக் கொண்டுவர வேண்டும். செங்கம்மாவின் அண்ணன் முனிகிருஷ்ணன் வண்டி வைத்திருந்தான். இன்னொரு வண்டியையும் சேர்த்து, இரண்டையும் முன்னும் பின்னுமாகக் கட்டி, பன்னிரண்டு பேர் தூக்கி மேலே ஏற்றினார்கள். ஏரிக்கரையை ஒட்டிய மாட்டு வண்டிப் பாதையில் மூன்று மைல். பக்கத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டே கூட வந்தது. படகைத் தண்ணீரில் தள்ளி, கயிறு கட்டி, கரையோரமாக இழுத்துக்கொண்டு வரலாம் என்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கனமான சாமான் என்றால் வண்டி. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். இரண்டாவது மைலில் முனிகிருஷ்ணன் வண்டியின் சக்கரங்களைத் தாங்கும் இருசு முறிந்தது.

"பரவால்ல மச்சான், புது இருசு நான் போட்டுத் தரேன்," என்றான் கோவர்த்தனன்.

"படவுதான் சும்மா வந்துச்சே மாப்ளே, இருசு போட உனுக்கு இன்னா கஷ்டம்," என்றான் முனிகிருஷ்ணன், முறிந்த கட்டையைப் பார்த்தபடி.

அப்போது மாசி. இன்னும் ஒரு மாதத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும். அடுத்த ஐப்பசிக்குத்தான் படகு வேண்டும். அதுவரை நல்லபடியாக வைத்திருக்க வேண்டுமே என்று கோவர்த்தனன் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தான். புளியமரத்து நிழலில் கல் அடுக்கி அதன்மேல் ஏற்றினான். மேலே கீற்றுப் பந்தல் போட்டான். ஈரம் படாமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினான். செல் அரிக்காமலிருக்க வேப்பெண்ணெய் பூசினான். ஊரில் நல்ல வண்டியை வைத்துக்கொள்கிற முறை அது. சித்திரை வெயில் போயிற்று, ஆடிக் காற்று போயிற்று. படகு மடித்து வைத்த பட்டுப் புடவை மாதிரி பத்திரமாக இருந்தது.

ஐப்பசியில் பந்தலைப் பிரித்தபோது பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைந்தது.

இருந்தும் தண்ணீரில் இறக்கினார்கள். கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, ஊரே கரையில் நிற்க, கோவர்த்தனன் புது வேட்டியோடு ஏறி உட்கார்ந்தான். இருபது கஜம் போனது. பிறகு அவன் உட்கார்ந்த நிலையிலேயே இடுப்பளவு தண்ணீரில் இருந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எறங்கு மாப்ளே, குளிச்சாச்சி," என்றான் முனிகிருஷ்ணன்.

உள்ளூர் ஆசாரி வந்து பார்த்தார். அவர் வண்டிக்கும் ஏருக்கும் கதவுக்கும் கை வைத்தவர். சந்துகளிலெல்லாம் வேங்கைச் சிம்புகளை ஆப்பு மாதிரி இறுக்கி அடித்தார். அதற்கு மேல் சக்கரத்துக்குப் போடுகிற இரும்புப் பட்டையைக் காய்ச்சிக் கொண்டுவந்து, குறுக்கே மூன்று இடத்தில் வளைத்துக் கட்டினார். பார்ப்பதற்குக் கோட்டைக் கதவு மாதிரி இருந்தது. மறுபடி இறக்கினார்கள். இரண்டு நாள் நன்றாக நின்றது. தண்ணீர் குடித்த பலகைகள் உப்ப ஆரம்பித்தன. உப்புவதற்கு இடமில்லை, சந்தெல்லாம் ஆப்பு. மூன்றாம் நாள் காலை, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் துப்பாக்கி சுட்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடிப்பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது.

செங்கம்மா இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, "அந்தம்மாகிட்ட நெலத்துக்கு வெலை கேட்டு வெய்யுங்க, தெரிஞ்சுக்கினா தப்பில்ல," என்றாள். கோவர்த்தனன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி என்று மாறி மாறிப் பழவேற்காட்டில் போய் இறங்கினான். படகு தெரிந்த ஆள் வேண்டும். கேட்டுக் கேட்டுக் கடும்பாடி என்பவரைப் பிடித்தான். ஐம்பது வயதிருக்கும். காதில் கடுக்கன், உப்புக் காற்றில் பழுத்த தோல். எட்டு நாள் வேலை என்று பேசி அழைத்து வந்தான்.

கடும்பாடி படகைப் பார்த்ததும் முதலில் உட்கார்ந்துகொண்டார். பிறகு இரும்புப் பட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"பட்டையெல்லாம் போட்டுக்கீறியே நைனா. மாடு எங்க பூட்டுவ?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோவர்த்தனன் நடந்ததையெல்லாம் சொன்னான். பந்தல், வேப்பெண்ணெய், வாய்க்கால். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வண்டிச் சக்கரம் வெயில்ல காஞ்சி ஆடிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"குட்டையில போட்டு ஊற வெப்போம்."

"ஏன்?"

"மரம் உப்பி இறுகிக்கும்."

"இதுவும் மரந்தானே."

ஊரில் எந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சக்கரம் தரையில் ஓடுகிறது, அதனால் அதைத் தண்ணீரில் போட்டார்கள். படகு தண்ணீரில் ஓடுகிறது, அதனால் அதைத் தண்ணீர் படாமல் காப்பாற்றினார்கள்.

கடும்பாடி பட்டைகளைக் கழற்றி வீசினார். ஆப்புகளைப் பிடுங்கினார். பிளந்த பலகைக்கு மாற்றுப் பலகை வேண்டுமென்றார். கிணற்று மேட்டில் நின்ற பூவரசு மரம் விழுந்தது. கவலை ஓட்டும்போது நிழலுக்கு இருந்த ஒரே மரம் அது. தேங்காய் நாரைத் திரித்து சந்துகளில் திணித்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, அது கொதிக்கக் கொதிக்க மேலே பூசினார். எல்லாம் முடிந்ததும் படகுக்குள் கல்லை நிரப்பி, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, கரையோரத்திலேயே அதை முழுக அடித்தார். மூன்று நாள் அது தண்ணீருக்கடியில் கிடந்தது.

எட்டு நாள் பன்னிரண்டு நாளாயிற்று. அத்தனை நாளும் அவருக்கு மூன்று வேளையும் மீன் வேண்டும். செங்கம்மா வீட்டில் மீன் எப்போதாவதுதான். ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

"சேத்தத் துன்ன மாதிரி கீதும்மா," என்றார் கடும்பாடி. பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

போகும்போது கோவர்த்தனனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இத எப்பவும் தண்ணியிலேயே வெச்சிரு. மழை பேஞ்சா எறைச்சி வுடு. வருசத்துக்கு ஒருக்கா நாரு பாத்துக்க. கோடையில தண்ணி போயிடிச்சின்னா சேத்துல பொதைச்சி வையி. மாடு மாதிரிதான், ஒரு நாளு வுட்டா மறுநாளு கேக்கும்." பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "சும்மாவா கொடுத்தான்னு சொன்ன?"

"ஆமா."

"விவரமான ஆளு," என்றார்.

கார்த்திகையில் படகு அக்கரை போயிற்று. நகரி மலைப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த இருபது அடி மூங்கிலை ஊன்றித் தள்ளினால், வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்தில் கொட்டகை வாசலில் இறங்கலாம். முதல் பத்து நாள் கோவர்த்தனனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்றே முக்கால் ஏக்கரிலும் கேழ்வரகு நட்டான். கவலையைப் பூட்டினான். கிணற்றில் தண்ணீர் மட்டமும் அந்த வருஷம் உயர்ந்திருந்தது. ஏரி பக்கத்தில் வந்துவிட்டதல்லவா. தாட்சாயணி வரப்பில் நின்று பார்த்து, "பரவால்லியே தம்பி," என்றார். நிலப் பேச்சை எடுக்கவில்லை.

பதினோராம் நாள் காலை கவலை ஓட்டிக்கொண்டிருந்தபோது இக்கரையிலிருந்து ஒரு குரல்.

"கோவர்த்தனா... படவு..."

யாரோ ஒருவர் வேப்பகுண்டாவில் பெண் பார்க்கப் போகிறாராம். நல்ல காரியம். மாடுகளைச் சரிவின் அடியில் நிறுத்திவிட்டுப் போய்க் கூட்டிவந்தான். மாலை அவர்களைத் திரும்பக் கொண்டுவிட்டான். மறுநாள் மருத்துவச்சி. அதற்கு மறுநாள் அக்கரையிலிருந்து சந்தைக்குப் போகிற ஏழு பேர், ஒரு ஆடு. பள்ளிக்கூட வாத்தியார் தினமும். கல்யாணத்துக்கு சமையல் பாத்திரம். சாவு சொல்ல ஆள். தண்ணீர் வந்ததால் வழி போனது கோவர்த்தனனுக்கு மட்டுமில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆறு மைல் சுற்றி நடந்துகொண்டிருந்த இரண்டு ஊரும் கரையில் வந்து நின்று கூப்பிட ஆரம்பித்தன.

கவலையின் சால் தண்ணீரை மொண்டு பாதிக் கிணறு ஏறியிருக்கும்போது குரல் வரும். கயிற்றை விட்டால் சால் கிணற்றுக்குள் போய்விடும். ஏற்றிக் கொட்டிவிட்டுப் போனால், "இன்னா கோவர்த்தனா, காது கேக்கலியா," என்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு சால் இறைக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. மாடுகள்கூடப் பழகிவிட்டன. தூரத்தில் யாராவது கத்தினால் தாமாகவே நின்றன.

ஒரு தடவை துணிந்து, ஆளுக்கு ஓரணா என்று கேட்டுப் பார்த்தான். சந்தைக்குப் போகிற ஒருவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"உனுக்கே சும்மாதானப்பா வந்துச்சி?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஐம்பது ரூபாய்க்கு வாங்கியிருந்தால் யாரும் அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். முறிந்த இருசும், இரும்புப் பட்டையும், பூவரசும், பன்னிரண்டு நாள் மீன் குழம்பும் யார் கண்ணிலும் படவில்லை. டீக்கடையிலும் மாவு மெஷினிலும் அவன் வாயாலேயே சொன்னது மட்டும் நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் இன்னொன்றும் சொன்னார்: ஓடத்துறையில் காசு வாங்க வேண்டுமானால் ஏலம் எடுக்க வேண்டும், ஏலம் விட ஜில்லா போர்டு உத்தரவு வேண்டும், எந்த போர்டு என்பது எல்லை முடிவான பிறகுதான் தெரியும்.

எல்லைக்காரர்களும் வந்தார்கள். 1959 மார்கழியில் சர்வே ஆட்கள் சங்கிலி, கம்பம், முக்காலி, சாப்பாட்டுக் கேரியரோடு கரையில் நின்று கைதட்டினார்கள். ஒரு வாரம் தினமும் நாலு தடவை. சர்க்கார் வேலை, அதற்கு ஏது காசு. அடுத்த வாரம் அதே எல்லைக் கல்லை மறுபடி அளந்து பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் தெலுங்கில் விரட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் தமிழில். படகிலிருந்து தண்ணீரை இறைத்து ஊற்ற இரண்டு கூட்டமும் கை கொடுக்கவில்லை.

முதல் வருஷம் கேழ்வரகு பாதி. இரண்டாம் வருஷம் கால்வாசிகூடத் தேறாது என்று மார்கழியிலேயே தெரிந்துவிட்டது. நிலத்துக்காகப் படகு வந்தது. இப்போது படகில் நின்றபடி நிலம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தாட்சாயணியை ஏற்றிக்கொண்டு போகும்போது அவரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய மகளைக் கீழ்ப்பூடியில் கொடுத்திருந்தது. வாரம் தவறாமல் வருவார்.

"கெணத்துல தண்ணி கீது. பயிரு காயுது. பாக்க மனசு கேக்கல தம்பி," என்றார்.

"இன்னா பண்றது, அக்கா."

"எனுக்குக் கொடுத்துட்டு நீ நிம்மதியா படவு ஓட்டு. ரெண்டு ஊருக்கும் நல்லது. உனுக்கு மேரைக்கு நானே சொல்றேன்."

அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றும் நாளில், ஊருக்கு உழைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு களத்திலும் இத்தனை மரக்கால் என்று அளந்து கொடுப்பதுதான் மேரை. நாவிதருக்கு உண்டு, வண்ணாருக்கு உண்டு, கொல்லருக்கு உண்டு, மதகு பார்க்கிறவருக்கு உண்டு. தாட்சாயணி சொன்னதைச் செய்கிறவர். தை பிறந்ததும் இரண்டு ஊரிலும் பேசி முடித்துவிட்டார். படகில் ஏறுகிற வீடு ஒன்றுக்கு ஒரு மரக்கால். முதல் அளவை அவர் களத்தில்.

கோவர்த்தனன் வீட்டுக்கு வந்து சந்தோஷமாகவே சொன்னான். கணக்குப் பார்த்தால் வருஷத்துச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் வந்துவிடும். செங்கம்மா கேட்டுக்கொண்டாள். மறுநாள் வெளுத்த துணி கொண்டுவந்த சந்திரம்மாவிடம் அதைச் சொன்னாள். சந்திரம்மா மூட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"வாங்கப் போறியா? வாங்கு, வாங்கு. எங்க மாமியாருக்கு மாமியாரு இந்த ஊரு களத்துல ஒரு நாளு மொறத்த நீட்டினா. அன்னீலேர்ந்து வெளுத்துக்கினு கீறோம்."

"அப்படின்னா?"

"காசு வாங்கினா நாளைக்கு வரலைன்னு சொல்லலாம். மேரை வாங்கினா சொல்ல முடியாது. காய்ச்சல்னு படுத்தா வந்து எழுப்புவாங்க. உம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் உங்கூட்டுக்காரு படவுலதான் நிப்பாரு. அவரு போன பொறவு மருமவன் நிக்கணும். மருமவன் மாட்டேன்னா, அவுங்க மாமனாரு துன்ன நெல்லுன்னு பேசுவாங்க." மடித்த துணிகளை எண்ணி வைத்தாள். "நெல்லு நல்லாத்தான் இருக்கும். அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது."

செங்கம்மா அன்று பகல் முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மரக்கால் நெல்லை வாங்கிவிட்டால், படகு நிரந்தரம். படகு நிரந்தரமானால் கவலை ஓட்ட ஆள் கிடையாது. ஆள் இல்லாத நிலம் தாட்சாயணியிடம்தான் போகும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பிடுங்கவில்லை. அளந்து கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள்.

களத்துக்கு அவளும் கூடவே போனாள். தாட்சாயணியின் களத்தில் நெல் பொலி குவிந்திருந்தது. இரண்டு ஊர் ஆட்களும் இருந்தார்கள். தாட்சாயணி மரக்காலில் நெல்லை அள்ளித் தலை தட்டி, "வா தம்பி, துணிய விரி," என்றார்.

கோவர்த்தனன் தோள் துண்டை எடுத்தான். செங்கம்மா அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெல்லு வேணாங்கா."

தாட்சாயணி மரக்காலைக் கீழே வைக்கவில்லை. "பத்தலியா?"

"அது இல்ல. நெல்லு எங்களுக்கே வெளையும். வெளைய வெக்க ஆளுதான் இல்ல. உங்களையெல்லாம் ஏத்தி எறக்கிக்கினு இவரு தண்ணியில நிக்கிறாரு. அதனால ஏறுறவங்க வூட்டுக்கு ஒரு நாளு எங்க நெலத்துல வேலை செய்யட்டும். ஏரு கீறவங்க ஏரு ஓட்டட்டும். இல்லாதவங்க கவலை எறைக்கட்டும், நடட்டும், களை எடுக்கட்டும். வருசத்துக்கு ஒரு நாளு. வர்ற வருசம் வேணுமா வேணாமான்னு வர்ற வருசம் பேசிக்கலாம்."

யாரோ கனைத்தார்கள். சந்தைக்குப் போகிறவர், "சும்மா வந்த படவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா வந்துச்சின்னுதாண்ணா நானும் நெனச்சேன்," என்றாள் செங்கம்மா. "உங்களுக்கும் வேணும்னா பளவேற்காட்டு ஆள வரவெச்சி பன்னெண்டு நாளு மீனு ஆக்கிப் போட்டுப் பாருங்க."

எல்லாரும் தாட்சாயணியைப் பார்த்தார்கள். அவர் செங்கம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு ஏக்கரை ஆள்கிறவருக்குப் பேரம் புரியாமலிருக்காது.

"ரெண்டு வருசமா நான் வெலைக்குக் கேக்கற நெலத்த, நானே மாடு பூட்டி உழுது கொடுக்கணும். அதத்தானே சொல்ற?"

"ஆமாங்கா."

"மாட்டேன்னா?"

"படவ எடுத்துச் சேத்துல பொதைச்சுட்டு நாங்க அணைக்கரை மேல நடந்து போறோம். எங்களுக்குப் பழக்கந்தான்." துண்டின் முனையை விடாமலே சொன்னாள். "நீங்களும் பொண்ணு வூட்டுக்கு நடந்து வாங்க. பேசிக்கினே போலாம்."

முதலில் சிரித்தது முனிகிருஷ்ணன். பிறகு களம் முழுவதும். தாட்சாயணி சிரிக்கவில்லை, மரக்காலில் இருந்த நெல்லைப் பொலியில் திரும்பக் கொட்டினார்.

"எங்கிட்ட ரெண்டு ஏரு கீது," என்றார். "எந்த நாளுன்னு சொல்லி அனுப்பு."

மாசி இரண்டாவது வாரம் நாள் குறித்தார்கள். சருகு மாதிரிக் காய்ந்து கிடந்த கேழ்வரகுத் தட்டையை அதற்குள் அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்து தொலைத்துவிடலாம் என்று பேசிவைத்துக்கொண்டதில், ஒன்பது ஏர் கிளம்பிவிட்டது. கீழ்ப்பூடி மாடுகள் படகில் ஏறாது. அவற்றை விடியலிலேயே அணைக்கரை வழியாக ஓட்டிவிட்டார்கள். மாட்டுக்காரர்கள் கூடப் போக, மற்றவர்களையும் ஏர்களையும் நுகத்தடிகளையும் கூழ்ப் பானையையும் கோவர்த்தனன் ஏற்றி இறக்கினான். ஒன்றே முக்கால் ஏக்கரில் ஒன்பது ஏரும் இறங்கியதும் திரும்ப இடம் போதவில்லை.

"வரிசையா வாங்கப்பா, தேர் இழுக்கற மாதிரி நெருக்காதீங்க," என்று தாட்சாயணி வரப்பில் நின்று கத்தினார். தன் நிலம் மாதிரியே அதிகாரம் செய்தார். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவலையில் வந்து நின்றார். மாடு அவரை மதிக்கவில்லை. சந்தைக்காரர் மண்வெட்டியோடு வரப்பு கட்டினார்.

கோவர்த்தனன் படகிலேயே நின்றான். அடுத்த குரல் எந்தக் கரையிலிருந்து வரும் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். அது பழக்கமாகிவிட்டது. அங்கிருந்தே யாருடைய உழவுச் சால் கோணுகிறது என்று தெரிந்தது. முனிகிருஷ்ணனுடையது.

"மச்சான், வலப்பக்கம் அழுத்து," என்று கத்தினான்.

"நெலத்துக்காரு தண்ணியில நின்னுக்கினு சொல்றாரு பாரு," என்றான் முனிகிருஷ்ணன் திரும்பாமல்.

வெயில் ஏறியது. ஒரு நாழிகை போயிற்று. குரல் வரவில்லை. இக்கரைத் துறை காலியாக இருந்தது. அக்கரைத் துறையும் காலியாக இருந்தது. கோவர்த்தனனுக்கு என்னவோ தப்பு நடந்தது போலிருந்தது. மூங்கிலை ஊன்றியபடி யோசித்தான். வாத்தியார் கவலையில் இருக்கிறார். மருத்துவச்சி கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சந்தைக்காரர் வரப்பில். தாட்சாயணி இங்கே, அவர் மகளும் இங்கே. கூப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் அவன் நிலத்தில் நின்றார்கள். கூப்பிட ஆள் இல்லை.

படகைக் கட்டினான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை முடிச்சைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தான். உழுத மண் கால் விரல்களுக்கு நடுவே ஏறியது. முனிகிருஷ்ணனிடம் போய் மேழியை வாங்கினான். அவன் விலகிக்கொண்டான். மாடுகள் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தன.

கோணிய சாலைச் சரிப்படுத்தவே இரண்டு சுற்று ஆயிற்று. செங்கம்மா கூழ் கொண்டுவந்து வரப்பில் நின்றாள்.

"குடிச்சிட்டு ஓட்டுங்க."

"இரு, இந்தச் சுத்து முடியட்டும்," என்றான் கோவர்த்தனன்.